மாற்றுவதா, அப்படியே போவதா? நெடுந்தூர டிரையத்லானில் உடையும் டிரான்ஸிஷனும்

2024 அக்டோபரில் கோவாவில் நடந்த அயர்ன்மேன் 70.3 பந்தயத்தை பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா 8 மணி 27 நிமிடம் 32 விநாடியில் முடித்தார். 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் மூன்றுக்கும் சேர்த்து அங்கே தரப்படும் நேரம் எட்டரை மணி. ஆக, அவர் கையில் மிச்சமிருந்தது 2 நிமிடம் 28 விநாடி. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் நீந்தினார், மிதித்தார், ஓடினார் என்று செய்திகள் எழுதின. ஈர உடம்போடு உடை மாற்றும் கூடாரத்துக்குள் நுழைந்து, ஷூ மாட்டி, ஹெல்மெட் கட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும் நிமிடங்களும் அந்த எட்டரை மணிக்குள்தான் அடக்கம் என்பதை யாரும் எழுதவில்லை. உடை மாற்றுகிறார்கள் என்பதற்காகக் கடிகாரம் நிற்பதில்லை.

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடத்தை டி1 என்றும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் இடத்தை டி2 என்றும் சொல்வார்கள். இந்த மாறுதலுக்குப் பெயர்தான் டிரான்ஸிஷன். டிரையத்லான் கற்றுத்தரும் புத்தகங்களில் உடைக்கு ஓர் அத்தியாயம், டிரான்ஸிஷனுக்கு இன்னோர் அத்தியாயம் என்று பிரித்திருப்பார்கள். இந்தப் பிரிவினையே தவறு என்பது என் வாதம். கடையில் வாங்கும் ஒவ்வொரு துணிக்கும் இரண்டாவது விலை ஒன்று உண்டு. அதைக் கூடாரத்தில் நிமிடங்களாகக் கொடுக்கிறோம். மூன்றாவது விலையைத் தொடையிலும் கழுத்திலும் பாதத்திலும் தோலாகக் கொடுக்கிறோம். மூன்றையும் கூட்டிப் பார்க்காமல் எந்த உடை நல்லது என்று கேட்பதில் பொருளில்லை. கூட்டிப் பார்த்தால், முன்னணி வீரரைவிடக் கடைசி ஒரு மணி நேரத்தில் வந்து சேர்பவருக்கே இந்தக் கணக்கு முக்கியம் என்பது தெரியும்.

இந்த விளையாட்டுக்கு வயது அதிகமில்லை. 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியாகோவில், மிஷன் பே என்னும் கடற்கழிப் பகுதியில் 46 பேர் கலந்துகொண்ட மாலைநேரப் பந்தயம்தான் டிரையத்லான் என்ற பெயரில் நடந்த முதல் நவீனப் போட்டி. நான்கு ஆண்டு கழித்து, 1978 பிப்ரவரி 18-இல், ஹவாயின் ஓவாஹு தீவில் ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் தம்பதியர் நடத்திய முதல் அயர்ன்மேனில் 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முதலாவதாக வந்தார். அன்று ஒவ்வொருவரும் தனக்கென ஓர் உதவிக் குழுவைக் கூட்டி வர வேண்டும். தண்ணீரும் உணவும் மாற்றுத் துணியும் அவர்கள் கையில்தான். இந்த விளையாட்டுக்கென்று தனி உடை எதுவும் அப்போது கிடையாது. நீச்சலுக்கு நீச்சல் உடை, சைக்கிளுக்கு சைக்கிள் உடை, ஓட்டத்துக்கு ஓட்ட உடை. மூன்று விளையாட்டு, மூன்று அலமாரி.

1980-களின் ஹவாய்ப் படங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை வெளியில், சுட்டெரிக்கும் வெயிலில், சின்ன நீச்சல் ஜட்டியும் கையில்லாத மெல்லிய பனியனுமாக மாரத்தான் ஓடுகிறார்கள். 1989-இல் மார்க் ஆலனும் டேவ் ஸ்காட்டும் எட்டு மணி நேரம் ஏறக்குறைய தோளோடு தோள் உரசிப் போட்டியிட்டு, 58 விநாடி வித்தியாசத்தில் ஆலன் வென்ற புகழ்பெற்ற பந்தயத்திலும் இதே கோலம்தான். அது அறியாமையால் வந்ததல்ல. துணி குறைந்தால் மாற்ற வேண்டியதும் குறையும், காய வேண்டிய ஈரமும் குறையும் என்ற கணக்கு அதில் இருந்தது. இன்றைய டிரைசூட்டும் அதே கணக்கின் வாரிசுதான். நீந்தவும் மிதிக்கவும் ஓடவும் ஒரே உடை என்ற எண்ணத்தை முழங்கை வரையிலும் தொடை வரையிலும் நீட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. இதற்கு நேரெதிர்த் திசையில் வந்தது வெட்சூட். டிரையத்லானுக்கென்றே தைத்த ரப்பர் நீச்சல் உடையை 1987-இல் டான் எம்ப்ஃபீல்ட் தன் குயின்டானா ரூ நிறுவனத்தின் வழியாகக் கொண்டுவந்தார். குளிரையும் தாங்கும், உடலையும் மிதக்க வைக்கும். நீச்சல் வேகம் கூடியது. கூடவே, டி1-இல் உரித்து எடுக்க வேண்டிய ஒரு தோலும் வந்து சேர்ந்தது.

நம் பக்கத்துக் கடல்களில் அந்தச் சிக்கல் இல்லை. அயர்ன்மேன் விதிப்படி, பொதுப் பிரிவினர் 24.5 டிகிரி செல்சியஸ் வரை வெட்சூட் அணியலாம். அதற்கு மேல் 28.8 வரை அணிந்தால் பரிசுக்கும் உலகப் போட்டித் தகுதிக்கும் கணக்கில் வரமாட்டார்கள்; அதையும் தாண்டினால் யாருக்கும் அனுமதியில்லை. ரப்பரின் தடிமன் 5 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. கோவாவின் மிராமர், மலேசியாவின் லங்காவி, 2018-இல் 70.3 பந்தயம் கண்ட கொழும்பு ஆகிய எல்லா இடங்களிலும் கடல் வெதுவெதுப்பானது. அங்கே டிரைசூட்டோடு இறங்கலாம். வேண்டுமானால் அதன் மேல் ஸ்விம்ஸ்கின் என்னும் வழுக்கலான துணி உறையைப் போட்டுக்கொள்ளலாம். அதில் ரப்பர் கலப்பு இருக்கக்கூடாது, முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழே நீளவும் கூடாது. இந்த உறை முன்னணி நீச்சல்காரர்களுக்குச் சில விநாடிகளை மிச்சம் பிடிக்கும். 1.9 கிலோமீட்டரை ஐம்பது நிமிடத்தில் நீந்துபவர் அதை வாங்குவது வீண் செலவு. வாங்கிய காசு ஒரு பக்கம். ஈரத்தில் முதுகு ஜிப்பைத் தேடித் துழாவும் நேரம் இன்னொரு பக்கம்.

ஒரே உடையில் கடைசிவரை போவதா, ஒவ்வொரு கட்டத்துக்கும் மாற்றுவதா? எல்லா விவாதமும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும்.

மாற்ற வேண்டும் என்பவர்கள் பக்கம் வலுவான நியாயம் உண்டு. 70.3-இன் இரு மடங்குத் தூரமான முழு அயர்ன்மேனில் சைக்கிள் மட்டும் 180 கிலோமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரம் 7 மணி 12 நிமிடம். டிரைசூட்டின் அடியில் தைத்திருக்கும் பேட் ஒரு மெல்லிய துண்டு. நீரை உறிஞ்சாமல் சீக்கிரம் காய வேண்டும், ஓடும்போது தொடைக்கிடையில் கனக்கக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். சைக்கிள்காரர்களின் பிப் ஷார்ட்ஸில் இருப்பதோ நல்ல மெத்தை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாரந்தோறும் நூறு கிலோமீட்டர் பிப் ஷார்ட்ஸில் ஓட்டிப் பழகியவர், பந்தயத்தன்று மட்டும் மெல்லிய பேடோடு ஏழு மணி நேரம் உட்கார்ந்தால், ஐந்தாவது மணியில் சீட்டில் நெளியத் தொடங்குவார். நெளிந்தால் குனிந்த நிலை கலையும், காற்று நெஞ்சில் அறையும். டி1-இல் மிச்சம் பிடித்த ஐந்து நிமிடம் அங்கே வட்டியோடு போய்விடும்.

மாற்ற வேண்டாம் என்பவர்களின் நியாயம் கணக்கில் இருக்கிறது. அதே 180 கிலோமீட்டரில் ஐந்து நிமிடம் குறைக்க வேண்டுமென்றால் சராசரி வேகம் 25-லிருந்து 25.3 ஆக உயர வேண்டும். பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் காற்றை எதிர்த்துத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுவதால், ஏழு மணி நேரமும் ஏறத்தாழ 3 சதவீதம் கூடுதலாக மிதிக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். கூடாரத்தில் ஐந்து நிமிடம் குறைப்பதற்கோ ஒரு வாரம் மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தால் போதும்.

இரண்டு நியாயமும் சரிதான். தூரமும் வெப்பமும்தான் எது பொருந்தும் என்று தீர்மானிக்கின்றன. 70.3 தூரத்தில், வெப்பக் கடலில், உடை மாற்றுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. மூன்று நாலு மணி நேரச் சவாரியை மெல்லிய பேட் தாங்கும். நீண்ட பயிற்சிகளில் சிலவற்றை அதே டிரைசூட்டில் ஓட்டியிருந்தால் உடம்பும் பழகியிருக்கும். முழு அயர்ன்மேனில், பதின்மூன்று பதினான்கு மணி நேரத்துக்கு மேல் எடுப்பவர் சைக்கிளுக்கு மட்டும் பிப் ஷார்ட்ஸுக்கு மாறினால் அதை நேர விரயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடலிலிருந்து வந்த ஈர உடம்பில் பிப் ஷார்ட்ஸை ஏற்றுவதை ஒருமுறையாவது வீட்டில் செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். லைக்ரா துணி ஈரத் தொடையில் பாதி ஏறியதும் கயிறாகச் சுருண்டுகொள்ளும். ஆண்கள் கூடாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கால் வரை வரும் கம்ப்ரஷன் சாக்ஸை ஈரக் காலில் ஏற்றப் போராடுபவரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். குதிகால் பகுதி பாதத்தின் மேல் திரும்பியிருக்கும். அவர் அதைக் கழற்றி மறுபடி ஆரம்பிப்பார். பக்கத்தில் மூன்று பேர் வந்து உட்கார்ந்து எழுந்து போயிருப்பார்கள்.

வெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். கடைகளும் விளம்பரங்களும் காற்றைக் கிழிக்கும் உடை பற்றியே பேசுகின்றன. நம் பந்தயங்களில் ஆளை வீழ்த்துவது வெப்பம். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் உடலிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். ஆவியாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கோவா, லங்காவி, கொழும்பு மாதிரிக் கடலோரங்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டும் வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன. வெப்பம் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. சைக்கிளில் முன்னேறும் வேகமே காற்றை உண்டாக்குவதால் அங்கே இது அவ்வளவாகத் தெரியாது. டி2 தாண்டி, மணிக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கும்போது காற்று நின்றுவிடும். அந்த நேரத்துக்கு எந்த உடை என்பதை வைத்துத்தான் டி1 உடையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கை வைத்த, வெளிர் நிறமான, மெல்லிய டிரைசூட் இங்கே இரட்டை வேலை செய்கிறது. வெறும் தோளில் நண்பகல் வெயில் நேராக விழுவதைத் தடுக்கிறது. தண்ணீர் ஊற்றிக்கொண்டால் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்து ஆவியாக்குகிறது. உதவி நிலையங்களில் பனிக்கட்டி கிடைத்தால் கழுத்து வழியாக உள்ளே போட்டுக்கொள்ளவும் இடம் தருகிறது; ஹவாயின் கோனாவில் முன்னணி வீரர்கள் செய்வது இதைத்தான். டி1-இல் சன்ஸ்கிரீன் பூசும் வேலையும் பாதியாகக் குறையும். ஈரத் தோலில் அது ஒட்டாமல் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு நிற்கும் என்பது பூசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைத் துணிக்கு ஒரு சங்கடமும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நார்வேயின் கிறிஸ்டியன் ப்ளுமென்ஃபெல்ட் அணிந்த வெள்ளை உடை நனைந்ததும் கண்ணாடி போலாகிவிட, உலகம் முழுக்கப் பேச்சானது. தங்கம் வென்றவருக்கு அது பொருட்டில்லை. அலுவலக நண்பர்களும் மாமியாரும் படம் பார்க்கப் போகும் நமக்கு, வாங்கும் முன் குளியலறையில் நனைத்துப் பார்ப்பது நல்லது.

தண்ணீர் ஊற்றிக்கொள்வதற்கும் ஒரு விலை இருக்கிறது: அது வழிந்து ஷூவுக்குள் போகும். ஊறிய பாதத்தில் கொப்புளம் சீக்கிரம் வரும். ஆகவே வெப்பப் பந்தயத்தில் டி2-இல் நிச்சயம் செய்ய வேண்டிய ஒரே உடை மாற்றம் சாக்ஸ்தான் என்று நினைக்கிறேன். சைக்கிளில் நனைந்த சாக்ஸைக் கழற்றி, விரலிடுக்கைத் துடைத்து, வாசலின் தடவி, காய்ந்த சாக்ஸ் மாட்ட ஒரு நிமிடம் ஆகும். முழு மாரத்தான் ஓட வேண்டியவருக்கு அந்த ஒரு நிமிடத்தைவிட லாபமான முதலீடு அந்த நாளில் வேறு இல்லை. ஓட்டத்தின் நடுவே கிடைக்கும் ஸ்பெஷல் நீட்ஸ் பையிலும் இன்னொரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். டி1-இல் சாக்ஸ் போடுவதா என்பது கடற்கரையைப் பொறுத்தது. மணலில் ஓடி வந்த காலில் அப்படியே சாக்ஸ் ஏற்றினால் உள்ளே உப்புத்தாள் வைத்துத் தைத்த மாதிரி இருக்கும்; பையில் சின்னத் தண்ணீர் பாட்டில் ஒன்றும் பழைய கைத்துண்டும் இருந்தால் தீர்ந்தது. சாக்ஸைப் பாதிவரை உருட்டி வைத்தால் விரலை நுழைத்து ஒரே இழுப்பில் மேலேற்றிவிடலாம்.

உராய்வைப் பற்றிப் பேச ஆண்கள் வெட்கப்படுகிறார்கள்; பெண்கள் தமக்குள் மட்டுமே பேசிக்கொள்கிறார்கள். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. சைக்கிளில் உடை காயும்போது நீர் போய் உப்பு துணியிலேயே தங்கிவிடும். பிறகு வியர்வையின் உப்பும் அதோடு சேரும். தையல் மடிப்பு படும் அக்குள், தொடையின் உட்புறம், மார்புக் கச்சையின் கீழ்ப் பட்டி, ஆண்களின் மார்புக் காம்பு ஆகிய இடங்களில் அது அரைத்துக்கொண்டே இருக்கும். மாலையில் ஷவரில் நிற்கும்போது எங்கெங்கே என்று தானே தெரியும். நீச்சலுக்கு முன்பே இந்த இடங்களில் வாசலின் தடவிக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். குளிர் நாடுகளில் வெட்சூட் அணிபவர்கள் கழுத்தில் தடவ பெட்ரோலியம் கலக்காத களிம்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாசலின் வகை ரப்பரைக் கெடுக்கும் என்பது உற்பத்தியாளர்களின் எச்சரிக்கை.

பெண்களுக்கு இந்தத் தேர்வு இன்னும் சிக்கலானது. ஒற்றைத் துண்டு டிரைசூட் காற்றுக்கும் உராய்வுக்கும் நல்லது. ஆனால் பத்து மணி நேரத்தில் கழிப்பறைக்குப் போக வேண்டி வந்தால், பிளாஸ்டிக் கழிப்பறைக்குள் வியர்வையில் ஒட்டிய உடையைத் தோளிலிருந்து உரித்து மறுபடி ஏற்ற வேண்டும். கை வைத்த உடையென்றால் அவஸ்தை இரட்டிப்பு. அதனால்தான் மேலும் கீழும் தனித்தனியான இரட்டைத் துண்டு உடை இன்னும் மறையவில்லை. அதில் இடுப்பு இடைவெளி வெயிலில் கருகும், மேலாடை ஏறி ஏறி வரும். ஆனாலும் முழுத் தூரத்தில் பல பெண்கள் தெரிந்தேதான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாதவிடாய் நாளில் பந்தயம் வந்தால் கேள்விக்கே இடமில்லை. உடையைப் பற்றி ஆண்கள் எழுதும் அறிவுரைகளில் நேரக் கணக்கு மட்டும் இருப்பதற்குக் காரணம், அவர்களுக்கு இந்தக் கணக்கு வருவதில்லை. இன்னொன்றும் உண்டு. உடலோடு ஒட்டிய உடையில் விடியற்காலையில் பொதுச் சாலையில் பயிற்சி செய்வது நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு வெறும் துணித் தேர்வு அல்ல. பலர் மேலே ஒரு தளர்ந்த டி-ஷர்ட் போட்டே பயிற்சி செய்கிறார்கள்; அதனாலேயே டிரைசூட் பந்தய நாளன்றுதான் முதன்முதலில் வெயிலைப் பார்க்கிறது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு நீண்ட பயிற்சியையாவது அதே உடையில் செய்தால், எந்தத் தையல் எங்கே கடிக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

குளிர்ப் பந்தயங்களில் இவ்வளவு சொன்னதும் தலைகீழாகிவிடும். நார்வேயில் 2003 முதல் நடக்கும் நார்ஸ்மேன் பந்தயத்தில் விடியற்காலையில் ஒரு ஃபெர்ரியிலிருந்து ஹார்டாங்கர் ஃபியோர்டின் குளிர்நீரில் குதிக்கிறார்கள். ஐட்ஃபியோர்டில் கரையேறி, மலைச் சமவெளிகள் மேல் சைக்கிள் ஓட்டி, காவுஸ்டாடோப்பன் மலையில் 1,850 மீட்டர் உயரத்தில் முடிக்க வேண்டும். விறைத்த விரல்களால் ஜிப்பைப் பிடிக்கவோ ஹெல்மெட் கொக்கியை மாட்டவோ முடியாது என்பதால் சொந்த உதவியாளர் கூடவே நின்று உடுத்திவிடுகிறார். அங்கே டி1-இல் ஈரத்தை முழுக்கக் களைந்து காய்ந்த உடைக்கு மாறுவதை யாரும் சோம்பல் என்று சொல்வதில்லை. ஈர உடையோடு மலையிறக்கத்தில் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போனால் உடல் நடுங்கி ஹேண்டில் ஆடும். உடையைப் பற்றிய பேச்சில் நார்ஸ்மேனுக்கு இன்னோர் இடமும் உண்டு: மலையுச்சிக்கு அனுமதி பெறும் முதல் 160 பேருக்குக் கறுப்பு டி-ஷர்ட், மற்றவர்களுக்கு வெள்ளை. ஒரு துணியின் நிறத்துக்காக ஆண்டு முழுக்கப் பயிற்சி செய்கிறார்கள். ஊட்டிக் குளிரைத் தாண்டி எதையும் பார்க்காத நம்மவர்கள் ஐரோப்பியப் பந்தயங்களுக்குப் போகும்போது, வெப்பப் பந்தயத்தில் பழகிய சிக்கனத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. கையுறை, காற்றுத் தடுப்பு ஜாக்கெட், காய்ந்த உள்பனியன் மூன்றும் பையில் இருக்கட்டும்.

இனி கூடாரத்துக்குள். அயர்ன்மேன் பந்தயங்களில் நீலப் பை சைக்கிளுக்கு, சிவப்புப் பை ஓட்டத்துக்கு, வெள்ளைப் பை வீட்டு உடைக்கு. முதலிரண்டையும் முந்தின நாளே கொடுத்துவிட வேண்டும். இரவெல்லாம் அவை திறந்த வெளியில் தொங்கும். மழை பெய்தால் சாக்ஸும் சேர்ந்து நனையும். ஒவ்வொன்றையும் ஜிப் உறையில் போட்டு வைப்பவர் காலையில் கவலைப்படமாட்டார். நீரில் ஒரு மணி நேரம் கிடையாகக் கிடந்த உடம்பு சட்டென்று நிமிர்ந்து நடக்கும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். மூளையும் கொஞ்சம் தாமதமாகத்தான் கரையேறும். அந்த நிலையில் யோசித்து முடிவெடுக்கும்படி எதையும் பையில் வைக்கக்கூடாது. இரண்டு வகைக் கண்ணாடி, குளிர்ந்தால் போட ஒரு ஜாக்கெட், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு பனியன் என்று நிரப்பி வைத்தால், அத்தனையையும் தரையில் கொட்டி முழித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கடைசி நூறு மீட்டரில் காலைக் கொஞ்சம் வேகமாக உதைத்து நீந்தினால் இரத்தம் காலுக்கு இறங்கும், தலைசுற்றல் குறையும். தொப்பியும் நீச்சல் கண்ணாடியும் கரையிலிருந்து கூடாரத்துக்குப் போகும் வழியிலேயே கையில் வந்துவிட வேண்டும். வெட்சூட் போட்டவர் அதை இடுப்புவரை நடந்துகொண்டே உரித்துவிடுவார். அமெரிக்கப் பந்தயங்கள் சிலவற்றில் தரையில் படுக்க வைத்து மிச்சத்தை உருவி எடுக்கவே தன்னார்வலர்கள் நிற்பார்கள். வெட்சூட்டை அணியும்போது பாதத்தில் கேரி பேக் மாட்டிக்கொண்டு கால் நுழைத்தால் வழுக்கிக்கொண்டு ஏறும்.

விதிகளில் ஆளைக் கவிழ்ப்பது ஹெல்மெட்தான். சைக்கிளைத் தொடும் முன் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். சைக்கிளை ரேக்கில் திரும்ப வைக்கும்வரை அவிழ்க்கக்கூடாது. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் நியூசிலாந்தின் ஹேடன் வைல்டுக்கு, டி2-இல் கொக்கியைச் சற்று முன்னதாக அவிழ்த்ததாக 10 விநாடி தண்டனை கிடைத்தது. தங்கம் இங்கிலாந்தின் அலெக்ஸ் யீக்குப் போனது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜானதன் பிரவுன்லீ டி1-இல், ஏறுவதற்கென்று போட்ட கோட்டைத் தாண்டும் முன்பே சைக்கிளில் ஏறிவிட்டு 15 விநாடி தண்டனை வாங்கினார். வெண்கலத்தோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. உலகத்தின் முன்வரிசை வீரர்களுக்கே இந்த அவசரத்தில் கை முந்துகிறது. எனவே நம்மைப் போன்றவர்களுக்கு ஒரே வரிசை, எப்போதும் அதே வரிசை: சாக்ஸ், ஷூ, எண் கோத்த பெல்ட், கண்ணாடி, ஹெல்மெட், கொக்கி. பையிலும் அதே வரிசையில், கடைசியில் எடுக்க வேண்டியது அடியில்.

முன்னணி வீரர்கள் ஷூவைப் பெடலிலேயே ரப்பர் வளையத்தால் கட்டித் தொங்கவிட்டு, வெறுங்காலோடு ஓடிவந்து தாவி ஏறுவார்கள். குறுகிய தூரத்தில் இது அழகு, லாபமும்கூட. பதினேழு மணி நேரம் தரப்படும் பந்தயத்தில் இதைப் பார்த்துச் செய்வது, என் கணிப்பில், தேவையில்லாத வித்தை. கூடாரத்திலேயே ஷூ மாட்டிக்கொண்டு, ஷூவின் அடியில் பெடலில் மாட்டும் கிளீட் வழுக்காமல் நிதானமாக நடந்து, கோட்டுக்கு அப்பால் நின்று ஏறினால் அரை நிமிடம் போகும். தாவும்போது தவறி விழுந்தால் போவது வேறு.

டி2 ஒரு விதத்தில் எளிது. உடம்பு காய்ந்திருக்கும், பழகிய வரிசை தலைகீழாக நடக்கும். ஆனால் அங்கே நாற்காலி இருக்கிறது. ஏழு மணி நேரம் குனிந்திருந்த முதுகு நாற்காலியில் சாய்ந்ததும், பக்கத்தில் யாரோ முனகுவதைக் கேட்டதும், நேரம் கரையத் தொடங்கும். நீண்ட தூரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் டி2-இல் போக்கியவர்களைக் கேட்டால், உடை மாற்றியதாகத்தான் சொல்வார்கள், உண்மையில் உட்கார்ந்திருப்பார்கள். நின்றபடியே மாற்ற முடிகிற உடையையும், இழுத்தால் இறுகும் எலாஸ்டிக் லேஸ் போட்ட ஷூவையும் நான் பரிந்துரைப்பதன் உள்நோக்கம் அதுதான். தொப்பி, எண்ணை முன்பக்கம் திருப்பிய பெல்ட், சாக்ஸ், ஷூ. மற்றதை நடந்துகொண்டே செய்யலாம். ஜெல்லையும் உப்பு மாத்திரையையும் பெல்ட்டில் செருகிக்கொண்டு வெளியேறி, சாலையில் போகும்போது விழுங்கலாம்.

இங்கே பலர் செய்யும் ஒரு காரியம் எனக்குப் பிடிபடுவதில்லை. டி2-இல் டிரைசூட்டைக் கழற்றிவிட்டு, தங்கள் ஓட்டக் குழுவின் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட்டுக்கு மாறுகிறார்கள். முடிவுக் கோட்டில் எடுக்கும் படத்துக்காக. அது பருத்தியாக இருந்தால் முதல் உதவி நிலையத்தில் ஊற்றும் நீரையும் அடுத்த மூன்று மணி நேர வியர்வையையும் குடித்து, அரை கிலோ கனத்தோடு முழங்கால் வரை தொங்கும். தோள்பட்டையில் அச்சு எழுத்துகளின் விளிம்பு அறுக்கும். குழுப்பெயர் வேண்டுமென்றால் ஐந்தாறு பேர் சேர்ந்து டிரைசூட்டிலேயே அச்சிடச் சொல்லலாம். திருப்பூரில் பின்னாத விளையாட்டுத் துணி இல்லை; அங்கே நைலான்-எலாஸ்டேன் துணியில் தைத்துத் தருபவரைக் கண்டுபிடித்து, மாதிரி உடை ஒன்றை வாங்கி, அதே உடையில் கோவளம் கடலில் நீந்தி, துவைக்காமல், துடைக்காமல், மாமல்லபுரம் வரை மிதித்துப் போய்த் திரும்பி, இறங்கியதும் அரை மணி நேரம் ஓடிப் பாருங்கள். எங்கே எரிகிறது என்று குறித்துக்கொண்டு போய்த் தையற்காரரிடம் காட்டினால், அந்தத் தையலை அரை அங்குலம் நகர்த்திக் கொடுப்பார்.